மேடத்தின் மாலை ரவுண்டு

மேடத்தின் கைப்பையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். சூப் குடிக்கிற கரண்டியைவிடக் கொஞ்சம் குழிவானது. பளபளவென்று துடைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே கொண்டுவந்து வைக்கும் கரண்டியை ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தன்னுடையதை எடுத்துக் காப்பியில் முக்கி, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சுவார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சைத் தாள் வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மேடம் கண்ணைத் திறந்து, "பரவாயில்ல, சூடா இருக்கு" என்பார். சூட்டைத் தவிர அந்தக் காப்பியில் பாராட்ட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் போகிற வழியில் கண்ணாடிச் சுவர் வைத்த காப்பிக்கடை மேடத்துடையது. அவர் மலைக்காரர் இல்லை. பெங்களூரில் ஏதோ பெரிய உத்தியோகம் பார்த்து, அது சலித்துப் போய், குளிருக்கும் பனிக்கும் ஆசைப்பட்டு வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நான் அங்கே பாத்திரம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே அபூர்வம். "பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. சம்பளம் சொன்ன தேதிக்கு வந்துவிடும். முதல் மார்கழியில் தன்னுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தார், அதில் ஒரு பொத்தான்கூட விட்டுப் போயிருக்கவில்லை. மேடத்தைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியாதபடிதான் அவர் நடந்துகொண்டார், அதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

நாங்கள் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் அப்பாவின் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி வந்தவர்கள் நாங்கள். லைன் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டிலிருந்து ஒரு ஆளாவது எஸ்டேட் பதிவில் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. அப்பா இறந்து போன பிறகு அம்மாவின் பெயரில்தான் வீடு நின்றது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சரிவில் கூடையோடு நிற்க முடியவில்லை. ஆள் பதிவு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் நல்ல மனுஷன்தான், ஒரு நாள் என்னை வழியில் நிறுத்திச் சொன்னார்.

"ஏங்கண்ணு, உங்கம்மாளால இனி முடியாது. பேரை எடுத்துப்போட்டா ஊட்டைக் காலி பண்ணிப்போடோணும். நீ வந்து உம் பேரைக் குடு, ஊடு நிக்கும். யோசிச்சுச் சொல்லு."

நான் மேடத்திடம் போய் நின்றேன், வேலையை விடுவதாகச் சொல்ல. அவர் சிரித்துவிட்டு, "காப்பி பறிக்கப் போறியா? படிச்ச பொண்ணு! ஏரிக்கரையில புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறேன், கீழ காப்பி, மேல பார். அங்க கவுண்டர்ல நிக்க உன்னை டிரெய்ன் பண்றேன். மாடியில பின்பக்கமா ஸ்டாஃப் ரூம் இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வந்துடு" என்றார். கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனேன். மறுநாளே ரைட்டரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுவடை முடிகிற வரைக்கும் இருந்துகொள்ளுங்கள், அதற்குமேல் என்னால் ஆகாது என்றார்.

அப்போது ஆரம்பித்ததுதான் மாலை ரவுண்டு. புதுக்கடை திறப்பதற்கு முன்னால் ஏற்காட்டில் யார் எங்கே என்ன குடிக்கிறார்கள் என்று ஏரியா ஏரியாவாகப் பார்க்க வேண்டும் என்பார் மேடம். பாத்திரம் கழுவி முடித்ததும் என்னைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார். முதலில் பஸ் ஸ்டாண்டு. ஒயின்ஷாப்புக்கு எதிரே காரை நிறுத்திக் கண்ணாடியைப் பாதி இறக்குவார். உள்ளே போகமாட்டார், பார்ப்பார். சேலத்திலிருந்து பைக்கில் வந்த பையன்கள், சந்தைக்கு வந்த மாரமங்கலத்து ஆட்கள், எங்கள் லைன் ஆட்கள்கூட, தகரக் கொட்டகைக்குள் குனிந்து போய்க் குனிந்தே வெளியே வருவார்கள். என் சொந்த மாமா ஒருவரே ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேடம் கைதட்டிச் சிரித்தார். நான் சீட்டுக்குக் கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

அடுத்து ஒண்டிக்கடை ரவுண்டானா, ஏரிக்கரை. மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், படகுத் துறையை ஒட்டி வரிசையாக டீக்கடைகள். கல்யாணமான புது ஜோடிகள் ஒரே கப்பில் குடிக்கிற இடம். அதற்கு மேலே லேடீஸ் சீட் ரோடு, அங்கே மஞ்சள் பல்பு மாலை தொங்கவிட்ட கடைகள், காப்பி வருவதற்கு முன்னால் எல்லோரும் செல்போனை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பக்கோடா பாயிண்ட் பக்கம் காட்டேஜ்கள், சனிக்கிழமை சாயங்காலம் விறகை அடுக்கி நெருப்பு மூட்டிப் பாட்டுப் போடுகிறவர்கள். அதையும் தாண்டினால் பழைய ஓட்டல்களின் பார்கள். கம்பளம் விரித்து, கணப்பு எரிய, கிழட்டு எஸ்டேட்காரர்கள் பேசாமல் குடிக்கிற இடம். "பஸ் ஸ்டாண்டுக்காரன் மறக்கிறதுக்குக் குடிக்கிறான், ஏரிக்காரன் குளிருக்குக் குடிக்கிறான், லேடீஸ் சீட்டுக்காரன் போட்டோவுக்குக் குடிக்கிறான். இவங்க மட்டும்தான் குடிக்கிறதுக்காகக் குடிக்கிறாங்க" என்பார் மேடம் அங்கே உட்கார்ந்து. உண்மையைச் சொன்னால், பிறந்து வளர்ந்த என் ஊரை எனக்கு முழுசாகச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். அந்தக் கண்ணாடிக் கதவுகளுக்குள் நான் அதற்குமுன் போனதே இல்லை.

ரவுண்டில் அவர் செய்கிற வேலை இரண்டு. ஒன்று, அந்தக் கடை வேலையாட்களில் யார் கைசுத்தம், யார் சிரித்த முகம் என்று பார்த்து, வெளியே வரும்போது காதோடு காதாக அதிகச் சம்பளம் சொல்லிவிட்டு வருவது. ரோட்டோரம் கணவனும் மனைவியுமாக நடத்தின சின்னக் கடை ஒன்று அப்படித்தான் ஆளில்லாமல் மூடிப் போனது. இன்னொன்று, குற்றம் சொல்வது. அவித்த முட்டையில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பார். காருக்குள் வந்ததும் அந்தக் கடைக்காரர் பேசின மாதிரியே பேசிக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அடுத்தவரைப் பற்றி இருக்கும்வரை கேலி எவ்வளவு இனிப்பாக இருக்கிறது.

கவுண்டருக்கு ஆள் எடுக்கும் முன் நாக்கைச் சோதித்துப் பார்ப்பது மேடத்தின் வழக்கம். ஒரு நாள் மத்தியானம் என் முறை வந்தது. மூன்று கப் வைத்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த சிநேகிதிகள் இருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றையும் குடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் ஒரே மாதிரி புளிப்பாக, எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தன. மூன்றாவதை வாயில் விட்டதும் எங்கள் வீட்டு அடுப்படியே வந்து நின்றது. சந்தேகமே இல்லாமல், "இதுங்க மேடம்" என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிநேகிதிகளும் சிரித்தார்கள். மூன்றாவது கப், கெட்டுப்போன காப்பி எப்படி இருக்கும் என்று ஆட்களுக்குக் காட்டுவதற்காக அவர் தனியாக வைத்திருக்கிற பூசணம் பிடித்த கொட்டையில் போட்டது.

இது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. செடியில் பறிக்கிற பழமெல்லாம் எஸ்டேட்டுக்கு. கடைசிப் பறிப்பு முடிந்த பிறகு, மழையில் உதிர்ந்து மண்ணோடும் சருகோடும் கிடக்கிறதை லைன் பெண்கள் பொறுக்கிக்கொள்ளலாம், அது வழக்கமாகக் கொடுத்து வந்த உரிமை. அதைத் தோலோடு வாசலில் காயப்போடுவோம். மலையில் எங்கே ஒழுங்காக வெயில் அடிக்கிறது? பாதி காயும், பாதி பூத்துப் போகும். அதை இடித்து, கருக வறுத்து, வெல்லம் போட்டுக் குடிப்போம். பால்குடி மறந்த நாளிலிருந்து எனக்குக் காப்பி என்றால் அதுதான். நல்ல காப்பியைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்துக் கீழே அனுப்பினவர்கள், அது எப்படி இருக்கும் என்று வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை. இதை மேடத்திடம் அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஓ, ஃபேமிலியே இப்படியா!" என்று அவர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் திட்டவில்லை. அவருக்கு என்னை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அதுவரை ரவுண்டில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான், அதற்கப்புறம் மேசைக்கு வந்துவிட்டேன். பார்களில் அவருடைய சிநேகிதர் கூட்டம் இருக்கும். என் முன்னால் எதையாவது வைத்து, "பொண்ணு, இது எப்படி?" என்பார்கள். நான் நன்றாக இருக்கிறது என்றால் சிரிப்பில் மேசையே அதிரும். "இவளுக்குப் புடிச்சிடுச்சா? அப்ப ஆர்டரைக் கேன்சல் பண்ணு" என்பார் மேடம். பாலாடையோ, ஊறுகாய் போட்ட ஆலிவ் காயோ, எலுமிச்சை வைத்த சோடாவோ, எதுவானாலும் என் நாக்கு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மேசைக்குக் கூட்டி வந்து உட்கார வைக்கிறவர் மாடி அறையையும் கொடுத்துவிடுவார் என்ற ஒரே கணக்குதான் எனக்கு. வீட்டில் படுத்துக்கொண்டு இருட்டில் அந்த அறையில் அடுப்பை எங்கே வைப்பது, அம்மாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஏரிக்கரைக் கடை திறப்பு நாளைக்கு அம்மாவைக் கூட்டி வரச் சொன்னதும் மேடம்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் பஸ் இறங்கி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் உப்பும் மஞ்சளும். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது அவை. அன்றைக்கு நல்ல நாளாக இருக்கிறது, அறையைப் பார்த்து ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

கடை முழுக்கக் கூட்டம். மேடம் என்னை உள்ளே கிளாஸ் கழுவ அனுப்பிவிட்டு, அம்மாவைத் தோளில் கை போட்டு நடுவில் அழைத்துப் போனார். மைக்கைப் பிடித்தார். "இவங்க இந்த மலையில காலமெல்லாம் காப்பி பறிச்சவங்க. இவங்களைவிடவா நமக்குக் காப்பி தெரியும்? எது பெஸ்ட்னு இவங்களே சொல்லட்டும்" என்றார். மேசையில் மூன்று கப். சிநேகிதர் கூட்டம் முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டது. செல்போன்கள் தூக்கின கையோடு நின்றன. நான் ஈரக்கையோடு ஓடி வந்து, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து "அம்மா, வேண்டாம்மா" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு என் வாயசைவுதான் தெரிந்திருக்கும். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "பயப்படாத கண்ணு, நாஞ் சொல்லிப்போடறேன்" என்று கையைக் காட்டினாள்.

நிதானமாக ஒவ்வொன்றாகக் குடித்தாள். மூன்றாவதில் முகம் மலர்ந்தது. மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இதுதானுங்க அம்மிணி. மத்தது ரெண்டும் சும்மா வாசந்தானுங்க. இது நொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க ஊட்டுக் காப்பியாட்டவே இருக்குதுங்க."

கடை இரண்டாகப் பிளந்துபோகிற மாதிரி சிரிப்பு. விசில். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி நடித்தான். அம்மா நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினாள். "எல்லாரும் நல்லா இருக்கோணுமுங்க சாமி, புள்ள குட்டியோட நல்லா இருக்கோணும்" என்று வாழ்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கைதட்டினதில்லை.

கூட்டம் கலைந்ததும், "அம்மிணி, ரூமு எங்கீங்க? ஒருக்காப் பார்த்துப்போட்டு உப்பு மஞ்சள் வெச்சுட்டன்னா, பொழுதோட பஸ்ஸுக்குப் போயிருவேனுங்க" என்றாள். மேடம் அவள் கையில் ஒரு கேக் துண்டை வைத்து, "இன்னைக்குக் கூட்டமா இருக்கும்மா, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார். எவ்வளவு இதமாகச் சொன்னார் தெரியுமா? அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் நான் கேட்டேன். அறையில் வேறொரு கடையிலிருந்து இழுத்து வந்த பெண் வந்து இறங்கியாயிற்று. கவுண்டரிலும் அவள்தான். மேடத்துக்குக் கோபமே வரவில்லை. "நீயே யோசிச்சுப் பாரு. அந்த நாக்கை வெச்சுக்கிட்டு உன்னை எப்படிக் கவுண்டர்ல நிறுத்துறது? நேத்து உங்கம்மாவையும் பார்த்தோமே, உங்களுக்கு அது ரத்தத்திலயே இருக்கு. பாத்திரம் கழுவுற வேலை இருக்கு, இருந்துக்கோ. ரவுண்டுக்கும் வரலாம்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். ஸ்வெட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டே ரைட்டரிடம் போனேன்.

"நீதானே கண்ணு வேண்டாம்னே? உங்க ஊட்டை அடுத்த ஆளுக்குப் பேசிப்போட்டனே. அந்தப் புள்ள சட்டி பானையோட வந்து கோயில்ல உக்காந்திருக்குது. நான் என்ன பண்ட்டும்?" என்று தலையைச் சொறிந்தார்.

சேலத்துக்கு இறங்கினோம். ஒரு பேக்கரியில் பில் போடுகிறேன். ஓட்டுச் சார்ப்பு வைத்த ஒற்றை அறை, மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. மலையில் பிறந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நடந்தது எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். "உன் வாய்க்கொழுப்புதான். அந்த அம்மிணி எனக்கு அத்தனை சனத்துக்கு முன்னால மருவாதி பண்ணுச்சு. நீ என்னத்தையோ எடுத்தெறிஞ்சு பேசி ஊட்டைக் கெடுத்துப்போட்டே" என்பாள். விசிறிக்கொண்டே சொல்வாள், சாப்பிடும்போது சொல்வாள். பக்கத்து வீடுகளில் எல்லாம் மேடம் ஒரு தெய்வம், நான் சோற்றை உதைத்தவள். எனக்குச் சில நாள் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்விடுவேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டவரின் மருமகள் செல்போனோடு ஓடி வந்தாள். "அக்கா, இது உங்கம்மாதானே? ஏற்காட்டுல எந்தக் கடைக்குப் போலாம்னு தேடுனேன், இது வருது" என்றாள். மேடத்தின் கடைக்கான இணையப் பக்கத்தில், திறப்பு நாளன்று எடுத்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டின் பார்கள், காப்பிக்கடைகள் எல்லாவற்றையும் ஏரியா வாரியாகச் சொல்கிற ஒரு வீடியோவுக்கு நடுவில், சிரிப்பு மூட்டுவதற்காக அம்மாவை ஒட்டியிருக்கிறார்கள். அவள் மூன்றாவது கப்பைத் தொட்டதும் கழுதை கத்துகிற சத்தம் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் காது இப்போது மந்தம், பக்கத்தில் உரக்கப் பேசினால்தான் கேட்கும், செல்போன் சத்தம் எட்டாது. படத்தைப் பார்த்தாள். "அட, என் பச்சைச் சீலை! எத்தனை சனம் பாரு. பாத்தியா, பாத்தியா, எந்திரிச்சு நின்னு கைதட்டுறாங்க" என்று மருமகளின் தோளைத் தட்டினாள். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் கீழே ஓடுகிற எழுத்துகளை விரலால் காட்டி, "இதென்ன, கீழ எழுதியிருக்குது?" என்றாள். மருமகள் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வீடியோவைப் பார்த்தவர்கள் எழுதிப்போட்ட கமெண்டுகள் அவை, சாக்கடையும் எருமையும் அதைவிடக் கேவலமானதும் அவற்றில் இருந்தன. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி, செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"நீ படி" என்றாள் அம்மா.

"அந்தம்மா சொன்னது ரொம்பச் சரின்னு ஒருத்தர் எழுதியிருக்காரும்மா" என்றேன்.

"அப்புறம்?"

"இந்தம்மா நூறு வயசு நல்லா இருக்கணும்னு எழுதியிருக்காங்க."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அவர்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் நெறைய இருக்குதே, நிறுத்திப்போட்டே? ஒண்ணு விடாம எல்லாத்தையும் படி சாமி."